காதுக்குக் கொடுத்த பணம்

எங்கள் வீட்டு வாசல் கூரை இறவாணத்தில் ஒரு பாதாளக் கரண்டி தொங்கும். ஒரு இரும்பு வளையம், அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கொக்கிகள். கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கித் துழாவினால், விழுந்துபோன குடமோ வாளியோ ஏதாவது ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டு மேலே வரும். காற்று அடித்தால் கொக்கிகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்கி எழுந்தேன். கரண்டிக்கு மாட்டாததை எடுக்க ஆள் இறங்க வேண்டும். அந்த ஆள் என் நைனா.

செஞ்சியிலிருந்து மஞ்சள் பஸ்ஸில் என்னோடு பள்ளிக்கூடம் வந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் நம் வாட்சப் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள், “உங்க வீட்டுல அவ்வளவு வசதி கிடையாதே, உன்னை எப்படிடி அந்த ஸ்கூல்ல சேத்தாங்க?” என்று. “எங்க நைனா கிணறு தூர் வாரிப் படிக்க வச்சாரு” என்று போட்டேன். வரிசையாகக் கைகூப்பினீர்கள். இரண்டு பேர் அழும் பொம்மை போட்டிருந்தீர்கள். நான் சொன்னது பொய். சின்ன வயதில் சொன்ன ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிற பொய்களில் அதுவும் ஒன்று.

நைனாவுக்குக் காதுதான் தொழில். எந்தக் கிணற்றுக்குப் போனாலும் முதலில் மேட்டில் நின்று ஒரு கூழாங்கல்லைப் போடுவார். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பார். “மூணு ஆள் தண்ணி. அடியில சேறு ஒரு மொழம். மேற்கால ஒரு பாறை நீட்டினு இருக்குது” என்பார். இறங்கிப் பார்த்தால் அப்படியே இருக்கும். கூட வேலை செய்கிறவர்கள், “உனுக்கு இன்னாய்யா, கெணறு காதுல சொல்லுது” என்று கேலி செய்வார்கள். உள்ளே இறங்கிய பிறகும் காதுதான் காவல். மேலிருந்து கூடையை இறக்குகிறவன் “வருது!” என்று கத்துவான். கேட்டதும் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

அவருக்கு எழுத்து தெரியாது. எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதத்தையும் தூரப் பிடித்து ஒரு முறை பார்ப்பார். பிறகு என்னிடம் கொடுத்து, “எவ்ளோ கட்டணுமாம்?” என்று கேட்பார். கரண்டு பில்லானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் அதே கேள்விதான். எழுத்து என்றாலே யாரோ எதையோ கேட்கிறார்கள் என்று அவருக்கு.

கிணற்றில் விழுந்து செத்தவர்களை எடுக்கவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு மட்டும் அவர் காசு வாங்க மாட்டார். ஒரு புது வேட்டி, ஒரு எலுமிச்சம்பழம், அவ்வளவுதான். “தவறினவங்கள எடுக்கக் காசு வாங்கனா, அப்புறம் ஒரு நாளு கெணறு என்ன மேல வுடாது” என்பார். கிணற்று வேலைக்காரர்கள் எல்லாருக்கும் அந்த வழக்கம் உண்டு.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் கார்த்திகை மழை விடாமல் அடித்தது. மலையடிக் குளம் விளிம்பு வரை பச்சையாக நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்து கோட்டை பார்க்க வந்த கல்லூரிப் பையன்களில் ஒருவன் அதில் இறங்கி மேலே வரவில்லை. நைனாவைக் கூப்பிட ஆள் ஓடி வந்தது. அவர் கழற்றிக் கொடுத்த சட்டையைப் பிடித்துக்கொண்டு நானும் கரையில் நின்றேன். கூட வந்த பையன்கள் ஈரத் துணியோடு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் செத்துப்போனவனின் செல்போன் இருந்தது. அது அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க யாருக்கும் தைரியமில்லை.

நைனா இரண்டு முறை மூழ்கி வெறுங்கையோடு வந்தார். “ஆழம் ஜாஸ்தி. அடியில தண்ணி ஐஸ் மாதிரி இருக்குது” என்றார். மூன்றாவது முறை வெகு நேரம் வரவில்லை. நான் மூச்சை அடக்கிப் பார்த்தேன், முடியாமல் விட்டேன், மறுபடி அடக்கினேன். பிறகு குளத்தின் நடுவில் இரண்டு தலைகள் வந்தன. ஒன்று தொங்கியது.

கரையில் உட்கார்ந்த நைனா வலது காதைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கில் ரத்தம் வந்தது. “உள்ள டப்புன்னு ஒரு சத்தம்” என்றார். “அதுக்கப்புறம் ஒரே இரைச்சல்.” பையனின் அப்பா சாயங்காலம் வந்து சேரும் வரை அந்த உடம்பின் மேல் வெயில் படாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு அவர்தான் உட்கார்ந்திருந்தார். காதிலிருந்து வழிந்தது தோளில் காய்ந்திருந்தது.

கருமாதி முடிந்து சில நாளில் எங்கள் தெருவுக்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது. அந்த அப்பா மொட்டை அடித்திருந்தார். எங்கள் வீட்டு வாசலில் குனிந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை.

“ஐயா, எம்புள்ளைய மீன் திங்க விடாம எடுத்துக் குடுத்தீங்க. இதை வாங்கிக்கணும்.”

நைனா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். “வேணாம் சார். இதுக்கு வாங்கற பழக்கமில்ல.”

“பழக்கத்துக்காக இல்லைங்க. எனக்காக.”

“உங்களுக்காகத்தான் சார் எறங்கனேன். அதோட சரியாப் பூட்டுது.”

அவர் பையோடு திரும்பினார். நான் காரைப் பார்க்கும் ஆசையில் தெருமுனை வரை பின்னாலேயே ஓடினேன். கார்க் கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். பையை என் கையில் வைத்து என் விரல்களை அதன் மேல் மூடினார்.

“பாப்பா, அன்னிக்கு உங்க அப்பா காதுல ரத்தம் வந்துச்சு. நான் பார்த்தேன். நல்ல காது டாக்டரா பார்த்து காட்டச் சொல்லும்மா. இது அதுக்குத்தான். மறக்காம சொல்லணும், என்ன?”

நான் தலையாட்டினேன். கார் போய்விட்டது. அந்த வார்த்தைகளைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

வீட்டுக்குள் பையோடு நுழையப் போனவளை அம்மா வாசலிலேயே நிறுத்தினாள். “அங்கியே வையி! உள்ள வராத!” அவள் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்தாள். அத்தை நைனாவின் அக்கா, புருஷன் செத்த பிறகு எங்கள் தெருவிலேயே தனியாக இருந்தவள். அவள்தான் பையைப் பிரித்துப் பார்த்தாள். ஐந்து கட்டு நூறு ரூபாய் நோட்டு. நைனா ஒரு வருடம் கிணற்றில் இறங்கினாலும் மிச்சம் பிடிக்க முடியாத பணம். கார்க்காரரின் பேரோ சென்னையில் எங்கே வீடு என்றோ யாருக்கும் தெரியாததால் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

“பொணத்த எடுத்த காசு” என்றாள் அம்மா. “திங்கக் கூடாது. கட்டக் கூடாது. மருந்தாக்கூட உள்ள போவக் கூடாது.” அவளுடைய அண்ணன் ஒருவர் சாவு வீட்டில் கிடைத்த காசில் அரிசி வாங்கித் தின்று அதே வருடம் போய்ச் சேர்ந்ததாக அவள் உறுதியாக நம்பினாள்.

“நோட்டுல பொணம்னு எழுதியா இருக்குது? பாரு, தாத்தா சிரிச்சினுதான இருக்காரு” என்றாள் அத்தை.

“உனுக்கு எல்லாம் சிரிப்பு.”

“பின்ன? அழுவறதுக்கு வேற காசு குடுப்பாங்களா?”

பணம் ஆட்டுக் கொட்டாயில் கவிழ்த்த கூடைக்கு அடியில் போயிற்று. கூடை மேல் அம்மிக் குழவி. அத்தை தினமும் காலையில் வந்து, “பணத்த ஆடு தின்னுடுச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் காப்பி குடிப்பாள். அவளுக்கும் ஒரு யோசனை இருந்தது. தங்கம் வாங்கலாம், தங்கத்துக்குத் தோஷம் கிடையாது என்றாள். “தங்கம் உடம்புல படுமே” என்றாள் அம்மா. கூரைக்கு ஓடு போடலாம் என்றார் நைனா. “அதுக்குக் கீழதான சோறு திங்கணும்” என்றாள். பேச்சு சுற்றிச் சுற்றிக் கூடைக்கே வந்து நின்றது.

இதற்கு நடுவில் காது கெட்டுக்கொண்டிருந்தது. முதலில் தண்ணீர் மாதிரி வடிந்தது, பிறகு மஞ்சளாக. பஞ்சு அடைத்துக்கொள்வார். அந்தப் பஞ்சின் நாற்றம் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது; பழைய பூ ஜாடியின் தண்ணீரை ஊற்றும்போது வருமே, அது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை அம்மா ஊற்றினாள். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போய் வந்தார். மாத்திரை கொடுத்து, சவ்வு கிழிந்திருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேசன் பண்ணிக்கொள், இல்லாவிட்டால் மற்ற காதுக்கும் கேடு என்றார்களாம்.

“பத்து நாளு படுக்கணுமாம், அப்புறம் மூணு மாசம் தண்ணியில எறங்கக் கூடாதாம்” என்று நைனா சிரித்தார். “மூணு மாசம் இன்னாத்தத் திங்கறது, பஞ்சையா?”

அத்தை அன்று சிரிக்கவில்லை. “ஏன்டி, அந்தக் காசு எடுத்துச் செலவு பண்ணா இன்னா? அவன் காது போனதே அந்தப் புள்ளைய எடுக்கப் போயிதான.”

“மருந்தா உள்ள போவக் கூடாதுன்னு சொல்றேன் இல்ல? காது ஒண்ணு போனா போவுது. ஆள் போயிட்டா?”

நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். கார்க்காரர் சொன்னதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் என் கணக்குப் புத்தகத்துக்குள் ஒரு விண்ணப்பம் மடித்து வைத்திருந்தேன்.

அது நம் பள்ளிக்கூடத்தின் விண்ணப்பம். மஞ்சள் பஸ் எங்கள் தெருமுனையில் உரக்கடைக்காரர் மகளுக்காகத் தினமும் நிற்கும். கட்டம் போட்ட சட்டை, கழுத்தில் டை, முழங்கால் வரை வெள்ளை சாக்ஸ். நான் அவளைவிட நன்றாகப் படிக்கிறவள் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் அவள் பஸ் ஜன்னலில் இருந்து என் வெறுங்காலைப் பார்த்து எதையோ இங்கிலீஷில் சொன்னாள். உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று புரியாததுதான் எனக்கு அவமானம். எங்கள் டீச்சர் விண்ணப்பம் வாங்கிக் கொடுத்து, “பணம் மட்டும் கெடச்சா நீ எங்கியோ பூடுவ” என்றிருந்தார். பணம் ஆட்டுக் கொட்டாயில் இருந்தது.

தை அமாவாசைக்கு அம்மா எங்களை மேல்மலையனூருக்குக் கூட்டிப் போனாள். பையை மடியில் சுருட்டிக் கட்டியிருந்தாள். சுடுகாட்டில் குடியிருக்கிறவள் அங்காளம்மன். சாவுக் காசு அவளுக்குத்தான் சேரும், உண்டியலில் போட்டுவிட்டுத் தலை முழுகி வந்துவிடலாம் என்பது அவள் முடிவு. பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போனோம். அம்மாவின் மடி என் கன்னத்தில் இடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கட்டுகள் ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தன.

ராத்திரிக் கூட்டம் சேருவதற்கு முன்பே கோயிலுக்குப் போய்விட்டோம். வெளியே எலுமிச்சம்பழ மாலைகளும் கற்பூரப் புகையும். ஒரு வேப்பமரத்தடியில் ஒரு அம்மாள் அருள் வந்து குறி சொல்லிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் மஞ்சள், நெற்றியில் காசு அளவு குங்குமம், வாயில் வெற்றிலை. உண்டியலுக்குப் போகிற வழியில் அம்மா அவள் முன் நின்று விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாள் கண்ணை மூடிக் கேட்டாள்.

“குடுத்தவன் கொலைகாரனா?”

“இல்ல தாயி. பெத்தவரு.”

“பெத்தவன் மனசாரக் குடுத்தத என் உண்டியல்ல எதுக்குடி போடற? குடுத்தவன் வாய்விட்டு இன்னாத்துக்குன்னு சொன்னானோ அதுக்குச் செய்யி. வாக்கோட வந்த காசுக்குத் தோஷம் இல்ல. வாக்கு இல்லாம வந்திருந்தா போட்டுட்டுப் போ.”

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நைனாவும் பார்த்தார். அத்தனை நாளில் முதல் முறையாக அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார்கள்.

“உன் கையிலதான குடுத்தாரு? இன்னா சொல்லிக் குடுத்தாரு?”

உண்மையைச் சொல்லியிருந்தாலும் பணம் தப்பியிருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும். குழந்தை, விவரம் தெரியாது என்று நீங்கள் எனக்காகச் சொல்லக்கூடும். வேண்டாம். எனக்கு எல்லா விவரமும் தெரிந்திருந்தது. உரக்கடைக்காரர் மகளின் வெள்ளை சாக்ஸ்தான் கண்முன் நின்றது.

“என்ன நல்லாப் படிக்கச் சொன்னாரு.”

நைனா தலையைச் சாய்த்து இடது காதை என் பக்கம் கொண்டுவந்தார். வலது காதில் பஞ்சு. உடுக்கைச் சத்தமும் ஜனங்களின் கூச்சலும் சுற்றி இருந்தன. “இன்னாம்மா? கேக்கல. இன்னா சொன்னாரு?”

அவர் காதுக்குள் வாயை வைத்து இரண்டாம் முறை கத்திச் சொன்னேன். “என் படிப்புக்குன்னு சொன்னாரு, நைனா!”

அவர் முகத்தில் வந்த சிரிப்பைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். “அத்த மொதல்லியே சொல்ல மாட்டியா! அந்த மனுசன் மனசப் பாத்தியா?” அம்மா அங்கேயே மண்ணில் விழுந்து கும்பிட்டாள். குறி சொன்ன அம்மாள் என் நெற்றியில் விபூதியை அழுத்திப் பூசினாள். அவள் மட்டும் என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. ஒருவேளை என் பயமாக இருக்கலாம்.

அப்படித்தான் நான் உங்களோடு வந்து சேர்ந்தேன். வாக்கு இருந்தும் அம்மாவுக்குப் பயம் முழுதாகப் போகவில்லை. விடுதியில் சேர்த்தால் சாப்பாட்டுக் காசும் அதில் போகும் என்று பஸ்ஸிலேயே அனுப்பினாள். சீருடைத் துணியை மல்லாட்டைச் செடி பிடுங்கப் போன கூலியில் தனியாக வாங்கினாள். என் சட்டை மட்டும் உங்கள் சட்டையைவிட ஒரு சாயல் வெளுத்திருந்ததை நீங்கள் கவனித்திருக்கலாம். பள்ளியிலிருந்து நான் கொண்டுவந்த ஒவ்வொரு தாளையும் நைனா தூரப் பிடித்துப் பார்த்தார். “எவ்ளோ கட்டணுமாம்?” மார்க் அட்டைக்கும் அதே கேள்விதான். முதல் ரேங்க் என்று கத்துவேன். அப்போது கத்தினால் இடது காதில் கேட்கும்.

ஏழாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு சனிக்கிழமை அனந்தபுரம் பக்கம் ஒரு கிணற்றுக்கு என்னையும் கூட்டிப் போனார். மேட்டில் நின்று வழக்கம்போலக் கல்லைப் போட்டார். தலையைச் சாய்த்தார். வெகு நேரம் அப்படியே நின்றார். எனக்கு ‘டொபுக்’ என்ற சத்தமும் அது சுவரில் மோதி மேலே வந்ததும் கேட்டு முடிந்துவிட்டது. அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார். “வுழுந்துச்சாம்மா?”

அடுத்த வருடம் ஒரு கிணற்றில் மேலிருந்தவன் “வருது!” என்று கத்தியிருக்கிறான். நைனா குனிந்து சேற்றை அள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார். கல் நிறைந்த கூடை தோளில் இறங்கியது. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அதற்கு அப்புறம் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. “செவுட்டு ஆள உள்ள எறக்கி நாங்க ஜெயிலுக்குப் போவணுமா?” என்று வீட்டு வாசலில் நின்றே சொன்னார்கள். அவர்கள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. அம்மா சுள்ளி பொறுக்கவும் களை எடுக்கவும் போனாள். நைனா மலையடியில் ஆடு மேய்த்தார். நான் பத்தாவது படிக்கையில் பாதாளக் கரண்டியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டார்கள். அன்றோடு வீட்டில் அந்தக் கிணுகிணுப்பும் நின்றது. நின்றது அவருக்குத் தெரியாது, அவருக்கு எப்போதோ நின்றிருந்தது.

இப்போது நான் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கும் முதல் ஆள். அதில் எனக்கு உள்ள கர்வத்தை நான் மறைக்க மாட்டேன். அதற்கு என்ன விலை ஆயிற்று என்று தெரிந்தும்கூட அது குறைய மாட்டேன் என்கிறது. முதல் மாதச் சம்பளத்தில் நைனாவைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். இளம் வயது டாக்டர், விளக்கு வைத்து இரண்டு காதையும் பார்த்தார். நரம்பு வரை போய்விட்டது, மெஷின் வைத்தும் பிரயோசனமில்லை என்றார். “ஆரம்பத்துலயே ஒரு சின்ன ஆபரேசன் பண்ணியிருந்தா போதும். ஏன் விட்டீங்க?” நைனா அவர் வாயையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அம்மா இருந்தவரை அவருக்குக் காது அம்மாதான். அவள் கையை ஆட்டினால், கண்ணைச் சிமிட்டினால் அவருக்குப் புரியும். அவளிடம் ஒப்புக்கொண்டிருந்தால் அவள் எப்படியாவது அவருக்குச் சொல்லியிருப்பாள். இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். போன மாசியில் அவள் போய்விட்டாள். என் படிப்பு அங்காளம்மன் வாக்கு என்று கடைசி வரை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குழுவில் உங்களுக்கு அந்தப் பதிலைப் போட்டுவிட்டு, அந்த வாரமே வீட்டுக்குப் போனேன். நைனா ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். எதிரில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைக் கார், துணிப்பை, கார்க்காரர் சொன்ன வார்த்தை, நான் சொன்ன வார்த்தை. அவர் என் வாயையே பார்த்தார். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். “சரிம்மா. சரி, சரி” என்றார். இப்போது யார் எதைச் சொன்னாலும் அவர் அப்படித்தான் சொல்கிறார். பிறகு என் கண்ணைத் துடைத்து, “ஒடம்ப பாத்துக்க” என்றார்.

எனக்குத் தெரிந்தது எழுத்து ஒன்றுதான். ராத்திரியெல்லாம் அதை யோசித்துவிட்டுக் காலையில் உட்கார்ந்து எழுதினேன். பெரிய பெரிய எழுத்தாக, நான்கு பக்கம். ஏன் எழுதினேன் என்று கேட்காதீர்கள். அந்தப் பணத்தில் நான் வாங்கியது அது மட்டும்தானே.

தாளை அவர் கையில் கொடுத்தேன். தூரப் பிடித்தார். வெயில் பக்கம் திருப்பி, மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தார். நான்கு பக்கத்தையும் பார்த்தார். இவ்வளவு எழுத்து ஒரே காகிதத்தில் அவர் பார்த்ததில்லை. முகம் கொஞ்சம் வாடியது. பிறகு தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேட்டி மடியை அவிழ்த்து, ஆடு விற்று வைத்திருந்த நோட்டுகளை எடுத்தார்.

“எவ்ளோ கட்டணுமாம்?” என்று கேட்டார்.